பெக்டரி பஸ்ஸில் எண்பத்து நான்கு புத்தகங்கள்

மலேசியாவில் கொஞ்ச நாள் முன்புவரை தினமும் காலையில் யாராவது ஒரு பெண் என் தோளைத் தொட்டு, தன் வீட்டு நோயாளியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய் உட்காருவாள். நான் மருத்துவரும் இல்லை, சாமியாடியும் இல்லை. லாபு தோட்டத்திலிருந்து செனாவாங் தொழிற்சாலைக்குப் போகும் பெக்டரி பஸ்ஸில் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவள், அவ்வளவுதான்.

ஊரில் காலை ஏழு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். இங்கே அப்போதுதான் செம்பனை மரங்களுக்குப் பின்னால் வெளுக்கவே தொடங்கும். பஸ்ஸின் மஞ்சள் விளக்கில் நாற்பது நிமிடம். என் நாளில் எனக்கென்று இருந்தது அது மட்டும்தான். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். திரும்பும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டும் கணவருக்குச் சாப்பாடு, ஓயாத துணி. ஞாயிற்றுக்கிழமை படுத்தபடி புத்தகத்தைத் திறந்தால் அது என் முகத்தில்தான் விழும். புத்தகமும் என்ன செய்யும் பாவம்.

எல்லாம் ஒரு பட்டியலால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை நூலகத்தில் நானும் என் தோழி செல்வராணியும் வேலை பார்த்தோம். வேலை நேரத்தில் படிக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. ஊரே எங்கள் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு வந்து ஆகா ஓகோ என்று சொல்லும். நாங்கள் கேட்டுக்கொண்டு ரப்பர் முத்திரை குத்துவோம். நான் மலேசியாவுக்கு வாக்கப்பட்டபோது, நாங்கள் தொட்டும் படிக்காத எண்பத்து நான்கு புத்தகங்களைத் தேர்ந்து இரண்டு தாள்களில் எழுதினோம். ஆளுக்கொன்று. வெளிநாட்டுக்குப் போனால் மத்தியானமெல்லாம் கால் நீட்டிப் படிக்கலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். பன்னிரண்டு புத்தகங்களைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவள் ஐம்பதைத் தாண்டிவிட்டாள், நான் பதினொன்று. "ஏட்டி, எத்தன முடிச்ச?" என்று அவள் குரல் கைப்பேசியில் வரும்போதெல்லாம் கேட்காதவள்போல் இருந்துவிடுவேன்.

கை ஈரம் படாமலிருக்கப் புத்தகத்துக்குக் கோயில் நாட்காட்டித் தாளில் அட்டை போடுவது என் வழக்கம். எங்கள் மாதா கோயில் நாட்காட்டியின் தாள் நல்ல கனம். இப்போது படிக்கும் நாவலின் முன்பக்கத்தில் மாதாவே நிற்கிறாள். போதாததற்கு, உதடு அசையாமல் எனக்குப் படிக்கவும் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் முழுக்க என்னிடம் பேச்சுக் கொடுத்தது. திடீரென்று ஒரு நாள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர், வயதான மலாய்க்காரர், என்னைப் பார்த்ததும் வானொலிச் சத்தத்தைக் குறைத்தார். படிக்கிறவர்களை மதிக்கும் மனிதர் என்று நினைத்து, "தெரிமா காசே, பாக்சிக்" என்று நன்றி சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். அதில் 'செம்பாயாங்' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. மாலையில் கணவரிடம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாமி கும்புடுறதுன்னு அர்த்தம்லா. உன்னப் பெரிய ஜெபக்காரின்னு நெனச்சிட்டாங்க."

மறுநாளே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜெபிக்கிறவளை இங்கே எந்த மதத்துக்காரரும் தொந்தரவு செய்வதில்லை. அந்த அமைதிக்கு நான் ஆசைப்பட்டேன். பெயர்களைச் சொன்னால் "சரிக்கா" என்பேன். சில நாள் ஒரு வரி ஜெபமும் சொன்னேன். பல நாள் அதுவும் இல்லாமல் விட்ட பக்கத்தைத் தேடிப் போய்விட்டேன்.

லெட்சுமிக்கா இதே தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் என் வரிசையில்தான் வேலை. "ஊட்டுக்காரருக்கு இனிப்புநீரு. கால்ல புண்ணு ஆறவே இல்ல. முட்டி வரைக்கும் எடுக்கணுமாம். உன் சாமிகிட்ட சொல்லும்மா" என்றார். நாம் சர்க்கரை என்பதை இங்கே இனிப்புநீர் என்கிறார்கள். சரியென்று தலையாட்டினேன். அந்த வாரம் நாவல் நல்ல இடத்தில் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, ஓடிப்போன தங்கையைத் தேடிப் புறப்பட்டிருந்தாள். நான் அவள் பின்னாலேயே போய்விட்டேன்.

இரண்டு வாரம் விடுப்பிலிருந்த லெட்சுமிக்கா கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒரு பொட்டலத்தோடு பஸ்ஸில் ஏறி, அதை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கணுக்காலோட நிறுத்திட்டாங்க. எல்லாம் நீ ஜெபிச்சதுதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்காக என்ன படிச்ச? எனக்குத் தமிழ் எழுத்து அவ்வளவா வராது. கொஞ்சம் வாசியேன், கேக்கறேன்."

கறிபாப்பின் சூடு மடியில் இறங்கியது.

"அக்கா, இது வேதம் இல்ல. கதைப் புத்தகம். நான் ஜெபிக்கவே இல்ல."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அவருக்காகச் சாமிகிட்ட யாருமே கேக்கலியா?"

கூனிக் குறுகிப்போனேன். அடுத்த நான்கு நாள் அவர் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். பேச்சு பரவியிருக்க வேண்டும், என் தோளையும் யாரும் தொடவில்லை. நான் ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. ஒரு பக்கம்கூட ஓடவில்லை. மாதாவைக் கைகளால் மூடிக்கொண்டு, சொல்லாமல் விட்ட பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கணவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் எழுந்து அவரிடமே போனேன். "அண்ணன் பேர் என்னக்கா?"

"ஆறுமுகம்." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "அந்தக் கதையில என்னதான்லா இருக்கு? ஜெபத்தையே மறக்கற அளவுக்கு?"

முதல் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அதுதான் நடக்கிறது. இடையிடையே கேள்வி, வசவு, "அந்தத் தங்கச்சிய நாலு போடு போடணும்" என்ற தீர்ப்பு. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் நகர்ந்தால் பெரிது. என் நாற்பது நிமிடமும் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், சில காலைகளில் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நேற்று செல்வராணி கேட்டாள்: "அந்த உப்பளத்துக் கதைய நான் போன வருசமே முடிச்சிட்டேன். தங்கச்சி கெடச்சாளான்னு சொல்லவாட்டி?"

வேண்டாம் என்றேன். எப்போது முடிப்பாய் என்று கேட்டாள், தெரியாது என்றேன்.

நூற்று அறுபதாம் பக்கத்தில் எங்கள் பழைய நூலகத்தின் உறுப்பினர் அட்டை அடையாளமாக இருக்கிறது, நான் தனியாகப் படித்துப் போய் நின்ற இடம். பத்தொன்பதாம் பக்கத்தில் தொழிற்சாலைக் கேன்டீன் சீட்டு, பஸ்ஸில் வாசித்துக்காட்டி நிற்கும் இடம். முடிவைத் தெரிந்தவள் பாளையங்கோட்டையில் காத்திருக்கிறாள். அடுத்த பக்கத்தைக் கேட்கும் லெட்சுமிக்கா செனாவாங்கில் இறங்கிப் போகிறார். புத்தகத்தை மூடி மடியில் வைத்தால், மாதாவின் தலைக்கு மேல் அட்டையும் சீட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் ஒன்றை உருவிப் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.