ஒரு காதுதான் குத்தியிருந்தது

நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. முதன்முதலாக அங்கே நான் கையெழுத்துப் போட்டது என் தங்கச்சி மகளுக்காக. ஏழு வயதுப் பிள்ளையைக் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்வேன், ஐந்து மணிக்குத் தாயிடம் ஒப்படைப்பேன், தவறினால் கோர்ட் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுவேன் என்று அந்தக் காகிதம் சொன்னது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பட்டறைக்கு டீ கொண்டுவருகிறவர்கூடச் சொல்வார். அப்படிப்பட்டவனைத்தான் நடுநிலையான ஆள் என்று இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டிருந்தது.

தங்கச்சி அயர்லாந்தில் நர்ஸ். மாப்பிள்ளையும் அங்கேதான் வேலையில் இருந்தார். இருவரும் பிரிந்த பிறகு அவர் ஊர் திரும்பி, கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற பகுதியில் அவர் குடும்பத்துக்கு இருந்த மிளகுத் தோட்டத்தில் தங்கிவிட்டார். பிள்ளை தாயோடு அயர்லாந்திலேயே வளர்ந்தது. மூன்று வருடம் தகப்பன் மகளைப் பார்த்ததெல்லாம் போனில்தான். நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் அந்த ஊர் கோர்ட்டில் கேட்டார். தங்கச்சிக்கோ ஒரே பயம். இந்தியாவுக்குக் கூட்டிப் போனால் அவர் பிள்ளையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வார், அப்புறம் இங்கே கேஸ் நடத்தி மீட்பதற்குள் பிள்ளை பெரியவளாகிவிடும் என்று அவள் பயந்தாள். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கடைசியில் கட்டுப்பாடுகளோடு அனுமதி கிடைத்தது. பிள்ளையின் பாஸ்போர்ட் தங்கச்சியின் வக்கீலிடம் இருக்க வேண்டும். அங்கே போட்ட உத்தரவை இங்குள்ள கோர்ட்டிலும் பதிய வேண்டும். தகப்பனோடு இருக்கும் நேரமெல்லாம் இருவரும் சம்மதிக்கும் உறவினர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மாப்பிள்ளை தனக்குக் கிடைத்த நாட்களில் ஒன்றை மலையிலுள்ள அவர்கள் குலசாமி கோயிலில் காது குத்துவதற்குக் கேட்டார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மடி என்னுடையது என்பதால் காவலும் என் தலையில் விழுந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் வக்கீல் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாஸ்போர்ட் நம்மிடம் இருப்பதால் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்றார். ஒரு போட்டோவும் பிறந்த சர்ட்டிபிகேட் காப்பியும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் சேர்த்துவிடலாம். நாலு மாதம் போனால் பிள்ளை இங்கே பழகிவிட்டது என்று வாதாடுவார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இழுக்கும். போட்டோ, சர்ட்டிபிகேட் என்ற இரண்டு சொல்லும் என் மண்டையில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டன. பிள்ளை எதிரில் தகப்பனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் வக்கீல் சொன்னார். அதுவும் உத்தரவில் இருந்தது.

லீவில் பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்த தங்கச்சியைக் காரவள்ளி அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் இறக்கிவிட்டு, நானும் பிள்ளையும் மலையேறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளை ஒவ்வொரு வளைவின் பலகையையும் படித்துக்கொண்டு வந்தாள். அவள் தமிழ் கொஞ்சம் தடுக்கும். ஆனால் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வாள். நான் அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியாமல் யாராவது காரில் ஏற்றிப் போனால், வண்டி நின்றதும் கடை வைத்திருக்கும் அக்கா யாரிடமாவது ஓடிப்போய் அதைச் சொல்ல வேண்டும். "அக்கா, என்னைச் சொல்லாமத் தூக்கிட்டுப் போறாங்க, எங்க அம்மாவுக்குப் போன் போடுங்க." அதற்குப் பின் தாயின் நம்பர்.

"யாரு தூக்கிட்டுப் போவாங்க மாமா?" என்றாள்.

உங்கப்பன்தான் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "யாரா இருந்தாலுந்தான் கண்ணு," என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எழுபதாவது வளைவு வருவதற்குள் அவள் பத்துத் தடவை ஒப்பித்திருந்தாள்.

கோயிலில் பதினைந்து பேர்போல இருந்தார்கள். மாப்பிள்ளை மகளைக் கண்டதும் ஓடிவந்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். தூக்கலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். என் அனுமதியை அவர் கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்டவன் நான். பிள்ளைதான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார். நடிப்பு என்று நினைத்தேன்.

நல்ல நேரம் இரண்டு மணி வரை இருந்தது. பன்னிரண்டு மணியளவில் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி இடது காதில் சந்தனப் பொட்டு வைத்து ஒரே குத்தாகக் குத்தித் தோட்டைப் போட்டார். அவள் போட்ட சத்தத்தில் கோயில் புறா எல்லாம் பறந்தது. அடுத்த காதைக் காட்ட மாட்டேன் என்று என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விளையாடட்டும், அழுகை அடங்கியதும் குத்தலாம் என்று மாப்பிள்ளை அவளைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போனார். பின்னாலேயே நானும் போனேன்.

அங்கே சமையல் கொட்டகைச் சுவரில் ஒரு புது வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் பிள்ளையை நிறுத்தி அவர் போனில் படம் எடுத்தார். "நேராப் பாரு சாமி. சிரிக்கக் கூடாது," என்றார். மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கும் தகப்பன் சிரிக்காதே என்று சொல்லியா படம் எடுப்பான்? வக்கீல் சொன்ன போட்டோ இதுதான் என்று பட்டது.

பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அவர் கொட்டகைக்கு அப்பால் இருந்த பாறைமேல் ஏறினார். அங்கே நின்றால்தான் டவர் கிடைக்கும். காற்று என் பக்கமாக அடித்ததால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது. "போட்டோ எடுத்தாச்சுங்க... பொறந்த சர்ட்டிபிகேட் காப்பி கையில இருக்குதுங்க... இன்னைக்கே அனுப்பீர்றனுங்க."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கமும் எனக்குக் குறைவு. காரில் சாக்லேட் இருக்கிறது, வா என்று பிள்ளையைக் கூப்பிட்டேன். பிள்ளை பிடிக்கிறவன் சொல்கிற அதே வார்த்தை என்பது அப்போது உறைக்கவில்லை. காரில் ஏறியதும் கதவைப் பூட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளை இன்னும் பாறைமேல்தான் நின்றுகொண்டிருந்தார், முதுகைக் காட்டியபடி.

மலைமேலிருக்கும் செம்மேடு ஊரைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. பின்னால் ஜீப் வருகிறதா என்று பார்ப்பதும், எதிரே பஸ் வந்தால் பிரேக்கை மிதிப்பதுமாக இறங்கினேன். போனில் ஒரு புள்ளிகூட டவர் இல்லை. பிள்ளை இந்தத் தடவை பலகைகளைப் படிக்கவில்லை.

"இன்னொரு காது குத்தல மாமா," என்றாள். அப்புறம் குத்தலாம் என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் வளைவுக்கு ஹாரன் அடித்தேன். மறுபடியும் கேட்டாள். சும்மா இரு என்று அதட்டினேன். அதற்கு முன் அவளை நான் அதட்டியதே இல்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தி வருகிறது என்றாள். நாற்பத்தொன்றாவது வளைவில் அன்னாசியும் பலாச்சுளையும் விற்கிற ஒரு பெண் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது பிள்ளை காருக்குப் பக்கத்தில் இல்லை. பழக்கடைக்காரியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாட்டு ஒப்பிக்கிறவளைப்போல நின்றிருந்தாள். "அக்கா, என்னைச் சொல்லாமத் தூக்கிட்டுப் போறாங்க, எங்க அம்மாவுக்குப் போன் போடுங்க." நம்பரையும் ஓர் எண் பிசகாமல் சொன்னாள். யாரு கண்ணு தூக்கிட்டுப் போறது என்று அந்தப் பெண் கேட்க, பிள்ளை திரும்பி என்னைக் காட்டினாள்.

நான் சிரித்தேன். மாமன்தான், சும்மா சொல்கிறாள் என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தனக்குப் பின்னால் உட்காரவைத்தாள். பலா அறுக்கும் கத்தியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கார் சாவிய இங்க வெய்யிங்க. நீங்க மாமனாவே இருங்க. கொழந்த சொல்லீருச்சில்லீங்க," என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் யார் தெரியுமா, கோர்ட்டே என்னைத்தான் நம்பி அனுப்பியிருக்கிறது என்று கத்தினேன். பாறாங்கல்லை முட்டுக்கொடுத்து லாரியை நிறுத்தியிருந்த இரண்டு பேர் இறங்கி வந்து என் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை காதிலிருந்து வழிந்த ரத்தம் அதில் பட்டிருந்தது. அதற்கு நான் என்ன விளக்கம் சொன்னாலும் பொய்போலவே இருந்தது. சாவியைக் கொடுத்தேன். இவ்வளவு அவமானம் என் வாழ்நாளில் பட்டதில்லை. அங்கே யார் போனிலும் டவர் இல்லாததால் தங்கச்சியைக் கூப்பிட முடியாமல், பிள்ளையைத் தேடி யாராவது வரட்டும் என்று அரைமணி நேரம் போல என்னைத் தடுப்புச் சுவரில் உட்காரவைத்தார்கள். பிள்ளை என் பக்கம் பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை எங்களைத் தேடிக்கொண்டு ஆசாரியின் பைக்கில் வந்தார், அவரையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு நேராக மகளிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கை, கால், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பழக்கடைக்காரி அவரையும் யார் என்று கேட்டாள். அப்பா என்று பிள்ளையே சொன்னாள். இந்த ஆள் யாரு என்று கடைக்காரி என்னைக் காட்டிக் கேட்டாள்.

அந்த நொடியில் என் தங்கச்சியின் குடுமி அவர் கையில் இருந்தது. தாயின் அண்ணன் பிள்ளையைக் கடத்திக்கொண்டு ஓடினான் என்று போலீசில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், இரண்டு நாட்டுக் கோர்ட்டிலும் கேஸ் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவரும் அதை யோசித்திருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மச்சானுங்க. கொழந்தைக்குத் தாய்மாமன்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா அப்பா?" என்று பிள்ளை கேட்டாள்.

"தெரியாது சாமி. நீ செஞ்சது சரிதான். இப்பத் தெரிஞ்சுபோச்சு, இனி பயமில்ல."

லாரிக்காரர்கள் நகர்ந்தார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேட்டி, போட்டோ, சர்ட்டிபிகேட் என்று நான் குளறியதை முழுவதும் கேட்டார். தன் போனைத் திறந்து ஒரு படிவத்தைக் காட்டினார். அயர்லாந்து போய் மகளைப் பார்த்துவர அவர் தனக்காகப் போடுகிற விசா மனு அது. பிள்ளையின் போட்டோவும் பிறப்புச் சான்றும் இணைக்க வேண்டும் என்று சேலத்து ஏஜெண்ட் கேட்டிருக்கிறார். இரண்டு முறை மறுத்துவிட்டார்களாம். இது மூன்றாவது முறை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வராமல், நடந்ததை அப்படியே வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எழுதாதீங்க மச்சான்," என்றார். "எழுதுனா அடுத்த வருசம் உங்கள வுட மாட்டாங்க. உங்கள வுட்டா ரெண்டு பக்கமும் ஒத்துக்கற ஆளு வேற யாரு? எங்கிட்டக் கொழந்தையே வராது."

அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைத் தனக்கு வேண்டும் என்று ஒரு தகப்பன் கெஞ்சவேண்டிய நிலையில் நான் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

நேரம் இன்னும் இருக்கிறது என்று ஆசாரி நினைவுபடுத்தினார். அந்தத் தடுப்புச் சுவரிலேயே என் மடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். அவள் உடம்பு விறைத்திருந்தது. தகப்பன் எதிரே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வலது காது குத்தும்போது அவள் என் சட்டையில் முகத்தைப் புதைக்கவில்லை. பழக்கடைக்காரி ஒரு பலாச்சுளையை அவள் வாயில் வைத்தாள். சாவியை என் கையில் தராமல் மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். நாங்கள் திரும்பவும் மேலே போய்ச் சாப்பிட்டோம். நான்கு ஐம்பதுக்குக் காரவள்ளியில் பிள்ளையை ஒப்படைத்தேன்.

அன்று நடந்ததைக் கோர்ட்டுக்கு எழுதித் தரும் படிவத்தில் 'குறிப்பிடும்படி ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிள்ளை அதற்குள் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். தங்கச்சி படிவத்தைப் படித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், எனக்குக் கீழே அவளும் கையெழுத்திட்டாள். அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

மூன்றாவது தடவையும் மாப்பிள்ளைக்கு விசா கிடைக்கவில்லை. அடுத்த வருடம் விடுமுறைக்குப் பிள்ளையும் தாயும்தான் மறுபடி வந்தார்கள். அதே உத்தரவு, அதே காகிதம், அதே மாமன். காரவள்ளியில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு வயதாகியிருந்தது அவளுக்கு, உயர்ந்திருந்தாள். இரண்டு காதிலும் அந்தத் தோடுகள்தான். கிட்டே வந்தவள் ஏறாமல் நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியும், கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கிறது, அம்மாவும் இங்கேதானே நிற்கிறாள் என்றேன். அவள் அசையவில்லை. தங்கச்சி எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பாறைமேல் நின்று காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். முதல் மணியிலேயே எடுத்தார். அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, பாப்பாவக் கார்ல ஏத்திக்கட்டுங்களா?"

"ஏத்திக்குங்க மச்சான்."

அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "இப்பப் போலாம் மாமா," என்றாள்.