மவுஸில் ஒட்டிய ரப்பர் கட்டை

எண்பதுகளின் கடைசியில், ஈப்போவில் வீட்டு பிளான் வரையும் ஆபீசில் வேலை செய்தேன். கம்ப்யூட்டர் வந்த புதுசு. நாள் முழுக்க மவுஸைப் பிடித்ததில் மணிக்கட்டு நெருப்பாய் எரிந்தது. வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிளான்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் முனியாண்டி மட்டும் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் காலையில், சரிவாகச் செதுக்கிய ரப்பர் மரக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து மவுஸின் முதுகில் ஒட்டினார்.

"உள்ளங்கைய கவுத்தாதீங்க அக்கா. ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்திய புடிக்கிற மாதிரி கட்டவெரல் மேல இருக்கட்டும்லா."

"எனக்கு எஸ்டேட்டெல்லாம் தெரியாது" என்றேன் வெடுக்கென்று. ஈப்போ டவுனை ஒட்டிய குனோங் ராபாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் என்றுதான் ஆபீசில் சொல்லிவைத்திருந்தேன்.

அவர் மவுஸை என் பக்கம் நகர்த்தினார். நான் கையைக் கட்டையின்மேல் சாய்த்தேன். விரல்கள் தாமாகவே மடங்கி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறு வருஷம் பால் வெட்டிய அதே பிடி. முறுக்கிக் கிடந்த நரம்பு அவிழ்ந்ததுபோல் வலி இறங்கியது. பிரமித்துப்போய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி சிரித்தார். "புதுசா புடிக்கிற ஆளுக்கு இவ்ளோ சுளுவா வராதுக்கா. எந்தத் தோட்டம்?"

ஆபீசில் யாரிடமும் சொல்லாத அந்தப் பெயரை, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். நான் வெட்கப்பட்டு ஒளித்த வேலையை, என் கை ஒரு நாளும் மறக்கவே இல்லை.