அக்காவின் வயிற்றுக்காக ஜெபித்த அனைவருக்கும்

எங்கள் அக்கா வரதராஜன்பேட்டையில் பிறந்தார். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு லாரி ஏறியவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லை மட்டும் யாரும் திருத்தக் கூடாது. அக்கா இறந்தது மார்பகப் புற்றுநோயில். இந்த நினைவு மலருக்கு நான் எழுதிக் கொடுத்ததை உறவினர்கள் 'உடல்நலக் குறைவு' என்று மாற்றினார்கள். நான் அரியலூர் அச்சகத்துக்குப் போய்த் திரும்ப மாற்றினேன். மறுபடியும் மாற்றினார்கள். மறுபடியும் போனேன்.

அப்பா கூலி வேலைக்குப் போன காலத்தில் அக்கா தையல் கற்று எங்களைக் கரையேற்றினார். மாமாவைக் கட்டி ரெட்டிபாளையத்துக்கு வாழப் போன பிறகும் மெஷின் நிற்கவில்லை. சிமெண்ட் ஆலைத் தூசி படியாதிருக்க, தைத்த ரவிக்கைகளைப் பைக்குள் போட்டுத்தான் மாட்டுவார். தெருவிலுள்ள பெண்கள் எல்லோருடைய மார்பளவும் அவருக்கு மனப்பாடம். தன் மார்பில் இருந்த கட்டியை மட்டும் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் மிதித்த வலி என்று தைலம் தடவிக்கொண்டார்.

திருச்சியில் ஒரு பக்க மார்பை எடுத்த பிறகும் பெரியம்மா, யார் கேட்டாலும் வயிற்றில் கட்டி என்று சொல்லச் சொன்னார். ஊர் நம்பியது. பங்கின் அன்பிய ஜெபக் குழுவினர் வீட்டுக்கு வந்து, அக்காவின் வயிறு குணமாக ஜெபமாலை சொன்னார்கள். பத்தியக் கஞ்சி கொண்டு வந்தார்கள். அக்கா மீன் குழம்புக்கு ஆசைப்பட்டார். தெருவுக்கு மணக்கும், வயிற்று நோய்க்காரிக்கு மீனா என்று கேட்பார்கள் என்று பயந்து மாமா வைக்க விடவில்லை. ஏழெட்டு மாநிலம் சுற்றியவன் நான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற நோயாளி கஞ்சி குடித்ததை வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒருநாள் அக்காவுக்கே சலித்துவிட்டது. கல்லூரியில் படம் எடுக்கப் படிக்கும் மகளிடம், "ஒன் குறும்படத்துக்கு ஆளு தேடாத, என்னைய எடு" என்றார். பழைய ரவிக்கைகளைப் பிரித்து, ஒரு பக்கம் பஞ்சு வைத்து அக்கா தைப்பதுதான் படம். மகள் அழுதுகொண்டே எடுத்தாள். "கேமராவ ஆட்டாம புடிடி. அழுவுறத அப்பறமா அழுவு" என்னும் அக்காவின் குரலும் அதில் பதிந்திருக்கிறது.

தன் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று மாமாவிடம் அக்கா வாக்கு வாங்கியிருந்தார். பெரியம்மா விடவில்லை.

"நாலு ஆம்பளைங்க ஒக்காந்திருக்கற எடத்துல இதையா போடுவாங்க?"

"பாக்க முடியாதவங்க மொத பந்தியில சாப்புட்டுக் கெளம்பட்டும் பெரியம்மா" என்றேன்.

அதுவரை தலை குனிந்திருந்த மாமா, "வாக்குக் குடுத்தவன் நானு. போடுறேன்" என்றார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், புண் துடைத்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வயிற்றுக்காக ஜெபித்தவர்களுக்கும் நன்றி. நாங்கள் சொன்னதைத்தானே நம்பினீர்கள். படத்தின் முடிவில் அக்கா உங்களைப் பார்த்துப் பேசுகிறார். "எல்லாரும் என் வயித்துக்கு ஜெபம் பண்ணீங்க. வயிறு நல்லாத்தான் இருக்கு. மீன் கொழம்பு இருந்தா குடுங்க."

இன்று பந்தியில் மீன் குழம்பு. இருந்து சாப்பிட்டுப் போங்கள்.