திருக்கழுக்குன்றம் பஸ்

திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீனிவாசராகவன், 2006இல் மனைவி செங்கமலத்துடன் ஓமன் சுற்றுலா போனார். அவளுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. எல்லாம் மறப்பதற்குள் நாலு இடம் பார்க்கட்டும் என்று மஸ்கட்டில் இருந்த மகள் சாருலதாதான் ஏற்பாடு செய்தாள்.

பாலைவனத்து மணல்மேட்டில் வண்டி ஏறியதுமே செங்கமலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, ஆத்துக்குப் போலாம்."

மலைப்பாதையில் அதையே சொல்லி அழுதாள். வழிகாட்டி சலீம் பேரீச்சம்பழம் நீட்டினான், தட்டிவிட்டாள். கூட வந்தவர்களும் ஆசையாக வந்தவர்கள். பாதியில் திரும்பச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள் சூர் நகரக் கடற்கரையில் இறங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

"மகாபலிபுரம் வந்தாச்சே! வாங்கோ, பஸ் போயிடும்."

"இது நம்மூர் இல்லடி, செங்கமலம்."

அவள் காதில் ஏறவில்லை. விறுவிறுவென்று நடந்து சலீமிடம் போனாள்.

"தம்பி, திருக்கழுக்குன்றம் பஸ் எது?"

ஒன்றும் புரியாத சலீம் சிரித்தபடி வேன் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவருக்கும் இடம் போட்டு வைத்தாள்.

"டிக்கெட் வாங்கிட்டேளா?"

"வாங்கிட்டேன்," என்றார்.

வேன் மஸ்கட்டுக்குக் கிளம்பியது; அவள் போட்டு வைத்த இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார்.