பக்கத்துக்கு வெளியே எழுதியவை

அச்சகத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவர் ஃபோர்மேன். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலைக்குப் பத்தொன்பது வயதில் சேர்ந்தாள், முதல் வாரமே பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று ஐம்பத்திரண்டு வயதில் வீட்டு முன்னறையிலேயே அதே தொழில். வாய் மட்டும் குறையவில்லை.

அந்த நாளில் அச்சகத்துக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் அவள். தாவரவியல் புத்தகம் ஒன்றை இருவரும் மூன்று மாதம் மாற்றி மாற்றிச் செய்தார்கள். திரையில் பக்கத்தைச் சுற்றி வெற்றிடம் இருக்கும். அங்கே எதை எழுதினாலும் அச்சில் வராது. வேலைக் குறிப்பைத் தேதி போட்டு எழுதத்தான் அந்த இடம். இவர்கள் ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் பேசினார்கள். நேரில் பார்த்தது ஷிஃப்ட் மாறும் ஐந்து நிமிஷம். புத்தகம் முடிந்தது, கொஞ்ச நாளில் அவர்கள் கல்யாணமும் முடிந்தது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். போன மாதம் ஒரு சண்டையில் அவள் கேட்டேவிட்டாள்.

"பக்கம் பக்கமா எனக்கு எழுதினவர்தானே நீங்க? இப்ப வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "நானா? எப்போ?"

சுருக்கென்றது அவளுக்கு. தன் வாழ்க்கையிலேயே நல்ல மூன்று மாதம் எது என்று கேட்டால் அவள் அதைத்தான் சொல்வாள். அது நடந்ததா, இல்லை தானே கட்டிவிட்ட கதையா? பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அச்சகத்தை மூடியபோது அந்தப் புத்தகத்தின் ஃபைலை ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு திறந்ததில்லை. இன்றைய சாஃப்ட்வேரில் திறந்தால் பழைய பக்க அமைப்பு கோணல்மாணலாக வந்தது, வரிகள் கண்டபடி உடைந்தன, பக்கத்துக்கு வெளியே சுத்தமாக ஒன்றுமில்லை. அந்த சாஃப்ட்வேரின் அன்றைய நாலாம் பதிப்பு வேண்டும். பழைய சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போட்டாள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி நாலையா தேடுகிறாய் என்று உடம்பு சரியில்லாதவளை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். அழைப்பிதழ் கடையில் ஆறாம் பதிப்பு இருந்தது, அதிலும் ஓரங்கள் காலி. எல்லோரிடமும் வாடிக்கையாளர் ஒருவர் மறுபதிப்பு கேட்கிறார் என்று வாய் கூசாமல் புளுகினாள். கடைசியில் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக் ஒருவரிடம் நாலாம் பதிப்போடு ஒரு பழைய கம்ப்யூட்டரே இருந்தது. இரவல் கொடுத்தார். வாசலிலிருந்து உள்ளே கொண்டுவர அவள் கணவர் ஒரு பக்கம் பிடித்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

அவர் அடுத்த அறைக்குப் போனதும் ஃபைலைத் திறந்தாள்.

எல்லாம் இருந்தது. டீ ஆறிப்போனது, நாற்காலி ஆடுவது, அக்கா பிள்ளைக்குப் பல் முளைத்தது, மழையில் செருப்பு போனது. அத்தனையும் அவள் எழுதியவை, அறுபதுக்கு மேல். அவர் எழுதியவை ஒன்பது. "சரி." "பார்த்தேன்." "நாளைக்கு லீவு." அவ்வளவுதான். அன்றைக்கும் அந்த மனிதர் இதே மனிதர்தான். இல்லாத ஒருவரோடு ஒப்பிட்டு இத்தனை வருஷம் அவரைத் திட்டியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே துக்கமும்.

அப்புறம்தான் ஒன்று கவனித்தாள். அவள் எப்போதும் அவசரத்தில் கைக்கு வந்த எழுத்துருவில், கிடைத்த மூலையில் தட்டிவிட்டுப் போகிறவள். இங்கே எல்லாம் தேதி வரிசையில், ஒரே பத்தியாக, புத்தகத்துக்குப் போட்ட அதே எழுத்துருவில் இருந்தன. பிழைகள் திருத்தியிருந்தன. ஓரங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. ஃபைலைக் கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தாள். புத்தகம் அச்சுக்குப் போய் இரண்டு நாள் கழித்து, காலை ஷிஃப்ட், அவருடைய நேரம். யாரும் கேட்காத வேலை. அச்சில் வராத, யாருமே பார்க்காத ஒரு பக்கம்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மவுஸைக் கையில் எடுத்தார்.

"ஏழாவது வரியில இடைவெளி கொஞ்சம் அதிகமாயிடுச்சு," என்றார். சரிசெய்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "சேவ் பண்ணிடவா?"

அவளால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.