கிழட்டு எலிகளின் அறை

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு எலியம்மா என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான். அவளே அதைத் தன் அறைக்கதவில் எழுதி ஒட்டிவிட்டதால், வைத்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

சிறுநீர்ப்பையைத் தாக்கும் கிருமிகளை ஆராய்வது அவள் வேலை. மனிதருக்கு வரும் தொற்றை எலிக்கு வரவழைத்து, கிருமி உடம்பில் எங்கே போகிறது, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்க வேண்டும். பல வருஷம் அவளும் எல்லாரையும்போல இளம் எலிகளை வைத்தே செய்துவந்தாள். மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். கட்டுரை எழுதலாம். யாருக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு அக்காவிடமிருந்து வந்தது.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தைந்தைத் தாண்டியபின் அவளை அந்தத் தொற்று பிடித்துக்கொண்டது. மாத்திரை தின்றால் போகும். கொஞ்ச நாளில் அழையா விருந்தாளியாகத் திரும்ப வந்து நிற்கும். ஒருநாள் வேலை முடிந்து நேரே தங்கை வீட்டுக்கு வந்து, மேஜைமேல் கைப்பையை எறிந்தாள்.

"டாக்டரைப் பார்த்தேன். சிறுநீர்ல கிருமியே இல்லையாம். எல்லாம் மனசுதானாம். தண்ணி நிறையக் குடிக்கணுமாம். குடிச்சா எங்கடி போறது? நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டா? இந்தப் படிப்பைப் படிச்சவ நீதானே, சொல்லு. என் வலி பொய்யா?"

"பொய் இல்லக்கா."

"அப்ப உன் எலிக்கு மட்டும் ஏன் ஒரே தடவையில சரியாப் போயிடுது?"

எலியம்மா தன் கூண்டுகளை நினைத்துப் பார்த்தாள். அவள் எலிகள் அத்தனையும் குமரிகள். முதுமையைத் தொடுவதற்கு முன்பே சோதனை முடிந்து, அவற்றின் கதையும் முடிந்துவிடும்.

மறுநாளே துறைத்தலைவரிடம் போய், பெண் எலிகளைக் கிழடாகும்வரை வளர்க்க இடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"ஒன்றரை வருஷம் சும்மா தீனி போடறதா? எலி வளையானாலும் தனி வளைம்பாங்க. நீங்க தனி அறையே கேக்கறீங்களே!"

"நோய் அதிகம் வர்றது வயசான பொம்பளைங்களுக்கு சார். எலி மட்டும் ஏன் குமரியா இருக்கணும்?"

விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் குழு சரி என்றுவிட்டதால், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நடைக்கோடி அறையைக் கொடுத்தார். எலிகளுக்கு அங்கே வயசாயிற்று. ரோமம் உதிர்ந்தது. சிலவற்றுக்குக் கண் பூத்தது. கட்டி வந்து அவதிப்பட்டவற்றை அவளே வலியில்லாமல் உறங்க வைத்தாள்.

சோதனை தொடங்கவிருந்த நேரத்தில் புது நுண்ணோக்கி ஒன்று வந்து இறங்கியது. துறைத்தலைவர் கையோடு வந்துவிட்டார்.

"இந்த அறை வேணும். எலிகளை முடிச்சிடுங்க."

எலியம்மா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"மாட்டேன் சார். இதுங்களை எதுக்கு வளர்க்கறோம், எப்படி முடிக்கறோம்னு எல்லாம் சொல்லித்தான் அனுமதி வாங்கினோம். சும்மா கொன்னு குப்பையில போட யாரும் அனுமதி தரல. குழு சொல்லட்டும், திறக்கறேன்."

"உங்க பதவி உயர்வு என் கையில இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார். சாவி என் கையில இருக்கு."

குழுவிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துவிட்டு, தொடங்கியதை முடிக்கட்டும் என்று சொல்லிப் போனார். நுண்ணோக்கி மாடிப்படி ஓரத்து அறைக்குப் போயிற்று. பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

கிழட்டு எலிகளில் பாதியை மட்டும் எடுத்து, கூடவே அதே அளவு இளம் எலிகளையும் எடுத்தாள். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் கிருமியை விட்டாள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. சில நாளில் எந்த எலியின் சிறுநீரிலும் கிருமி இல்லை.

"பாத்தீங்களா? வித்தியாசமே இல்ல" என்றார் துறைத்தலைவர்.

"இன்னும் பார்க்கவே இல்ல சார்."

எலிகளை வலியில்லாமல் முடித்து, சிறுநீர்ப்பையை எடுத்துக் கூழாக்கி, கிருமி வளரும் தட்டுகளில் பரப்பினாள். மறுநாள் இளம் எலிகளின் தட்டுகள் அநேகமாக வெறுமையாக இருந்தன. கிழட்டு எலிகளின் தட்டுகளில் வெளிறிய கிருமிப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல அப்பியிருந்தன. சிறுநீரிலிருந்து போன கிருமி, சிறுநீர்ப்பையின் சுவருக்குள் பதுங்கியிருந்திருக்கிறது. அவள் குதிக்கவில்லை. மீதிப் பாதி எலிகளில் மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான்.

அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் பொய் சொல்லலன்னு ஒரு எலி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு, பாரு" என்றாள் அக்கா. "சரி, மருந்து?"

"இல்லக்கா. இனிமேதான்."

"தேடு. விட்றாத."

அந்த எலிச் சோதனையை எப்படிச் செய்வது என்று வெளியூர் ஆராய்ச்சிக்கூடங்கள் கேட்டு எழுதின. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் அதைப் பற்றிப் பேசவும் அழைத்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"எலியில பார்த்ததை மனுஷங்களுக்கு எப்படிங்க நம்பறது?"

"நம்பாதீங்க" என்றாள் எலியம்மா. "உங்க நோயாளிங்ககிட்ட தேடிப் பாருங்க. அதுவரைக்கும், சோதனையில ஒண்ணும் இல்ல, மனசுதான்னு ஒரு பொம்பளையையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க."

கை தட்டியவர்கள் சிலர்தான். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த கேள்வி என்ன என்று கேட்டாள்.