சனிக்கிழமை நாலு மணி கேரம்

2009ஆம் வருஷம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு ஒருவர் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே மூன்றாம் நம்பர் கேபினில் என்னைத் தவறாமல் பார்க்கலாம். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயசு. கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். கரண்டுக்கு நான் பயந்ததே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் திடீரென்று ஒரு சின்னப் பெட்டி முளைத்து 'சரியா, வேண்டாமா?' என்று கேட்டால் போதும், சென்டர்காரரைக் கூவிக் கூப்பிட்டுவிடுவேன்.

அப்படிப்பட்டவனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என் அக்கா மகள். அவளுக்கு அப்போது பதினோரு வயசு. பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நாக்பூருக்கு மாற்றலாகி குடும்பத்தோடு போய்விட்டார்கள். போன் பண்ணினால் பிள்ளை 'ஆங்', 'சாப்ட்டேன்', 'அம்மாகிட்ட தரேன்' என்று மூன்றே பதிலில் கதையை முடித்துவிடுவாள். ஒரு நாள் அவளே சொன்னாள், "பேசறது போர் மாமா. நெட்ல ரெண்டு பேரும் சேர்ந்து கேம் ஆடலாமா? ஃப்ரீயாவே நிறைய இருக்கு."

இலவசம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். எந்த விளையாட்டு என்று தேர்ந்தெடுப்பதில்தான் என் மானம் போனது.

முதலில் கார் பந்தயம். ஆடுவதற்கு முன்னால் எதையோ இறக்கிக்கொள்ளச் சொன்னது. சென்டர்காரர் ஓடி வந்து, "ண்ணா, எதையும் எறக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் எறக்கினார், ஆறு சிஸ்டமும் படுத்துகிச்சி" என்றார். அடுத்தது விவசாய விளையாட்டு. திரையில் முட்டைக்கோஸ் நட்டு, தண்ணீர் விட்டு, நேரத்துக்கு வந்து அறுக்க வேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் கரும்புக்கே தண்ணீர் பாய்ச்சப் போகாதவன் நான். அது தெரிந்தால் வீட்டில் நார் நாராகக் கிழித்திருப்பார்கள். மூன்றாவது, துப்பாக்கிச் சண்டை. நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிப்பதற்குள் ஒன்பது தடவை சுட்டாள். ஒவ்வொரு தடவையும் போனில், "செத்துட்டீங்க மாமா" என்று அன்பாகத் தகவல் சொன்னாள்.

நாலாவதாகப் பிடித்தது பல்லாங்குழி மாதிரி ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் எழுதுகிற பெட்டி ஒன்று இருந்தது. ஆட்டத்தின் நடுவில் யாரோ ஒருவன் அதில் நுழைந்து, பிள்ளையிடம் வயசு என்ன, எந்த ஊர் என்று கேட்டான். நான் பதறிப்போய்த் திரையை அணைத்துவிட்டேன். திரையைத்தான் அணைத்தேன், விளையாட்டை அல்ல. பிறகு போன் போட்டு, "எழுந்து ஓடு பாப்பா, வீட்டைப் பூட்டு!" என்று கத்தினேன். அவள் நிதானமாக, "அதெல்லாம் பிளாக் பண்ணிட்டேன் மாமா. நீங்க தண்ணி குடிங்க" என்றாள்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். வாய் திறக்க முடியாத விளையாட்டுதான் பிள்ளைகளுக்கு நல்லது. அப்படித் தேடிக் கிடைத்ததுதான் கேரம். இரண்டு பேருக்கு மட்டும் தனி அறை, அதற்கு ஒரு ரகசிய எண். எழுதுகிற பெட்டியே கிடையாது. ஆறு பட்டன்கள்தான்: நல்ல அடி, அச்சச்சோ, நன்றி, மன்னிக்கவும், சீக்கிரம், இன்னொரு ஆட்டம். இதற்கு மேல் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது. இப்படி ஒரு பத்திரமான விளையாட்டைக் கண்டுபிடித்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே பாவாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கும் அவருக்கும் அப்போது இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு முழுக்க என் வாயுடையது.

அக்காவின் சின்னப் பையனுக்கு மலைமேல் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் சீர்த்தட்டும் கையுமாக, அடிவாரத்தில் பழைய கூட்டாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு நின்றுவிட்டான். கிருத்திகைக் கூட்டத்தை முண்டியடித்து மேலே போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறதென்று, பாவா அவர் சொந்தத்தில் ஒரு அண்ணனை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். காது குத்தி முடிந்திருந்தது. பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். ஐயோ தாமதமாகிவிட்டதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவமானத்தை மறைக்க நான் சொன்னது வேறு. "என்னா பாவா, மாமனை வாடகைக்கு எடுத்துட்டீங்களா? அப்படியே அப்பனையும் சேத்து எடுத்திருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவா சிரிக்கவில்லை. அவர் முகம் எப்படி ஆனது என்பதை அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் போன் பண்ணி அவர் எடுத்தால், "இந்தா, உங்க வீட்டு போன்" என்று அக்காவிடம் நீட்டிவிடுவார். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை முயற்சி செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒத்திகை பார்க்கும்போதே வாக்கியத்தின் கடைசியில் ஒரு ஜோக் வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டுவிட்டேன். நாக்பூர் போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து அவரை விட்டுக்கொடுக்காமல் பேசிய அக்காவிடமும் சிரித்துச் சமாளித்தேன். பிள்ளையோடு இருந்த தொடர்பு ஒன்றுதான் அந்த வீட்டுக்கும் எனக்கும் மிச்சமிருந்த கயிறு. அதனால்தான் அந்தச் சனிக்கிழமைகளை நான் விடவே மாட்டேன்.

ஆரம்பத்தில் பிள்ளை கேரம் ஆடியது பட்டாசு வெடிப்பது மாதிரி இருந்தது. காயையே பார்க்காமல் அடிப்பாள். நான் தப்பாக அடித்தால் 'அச்சச்சோ' பட்டனைப் பத்து தடவை அழுத்திக் கேலி செய்வாள். ஒன்றிரண்டு மாதத்தில் ஆட்டம் மாறியது. ஒவ்வொரு அடிக்கும் கொடுத்திருக்கும் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு குறி பார்த்தாள். கேலி நின்றது. நான் ஒரு காய் போட்டால் 'நல்ல அடி' என்று மரியாதையாக வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சி. எல்லாம் நான் கத்துக்குடுத்தது" என்று பீற்றிக்கொண்டேன். வாராவாரம் தோற்றதைச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. எதிராளி சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியில் கருப்பையும் போட்டு அதை உறுதி பண்ணிக்கொண்ட நேரம், என் செல்போன் அடித்தது. அக்கா.

"டேய், இன்னிக்கி ஆட்டத்துக்கு நீ வெயிட் பண்ணாத. சொல்ல மறந்துட்டேன். ஸ்கூல்ல ஆண்டு விழா ரிகர்சல். காலைலேர்ந்து இங்கதான் கெடக்கறோம்."

"பாப்பா எங்கக்கா?"

"இதோ எதிர்லதான். மயில் வேஷம் போட்டுகினு நிக்கறா."

மயில் நாக்பூரில் ஒரு பள்ளிக்கூட மேடையில் நிற்கிறது. என் திரையில் எதிராளி அடுத்த கருப்புக்குக் குறி பார்க்கிறது.

"சரிக்கா" என்று சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையோடு என் தைரியம் தீர்ந்தது. ரகசிய எண் தெரிந்த எவனோ ஒருவன் பிள்ளையின் பெயரில் எத்தனையோ வாரமாக என்னோடு ஆடிக்கொண்டிருக்கிறான்! செய்தித்தாளில் படித்த அத்தனை திருட்டும் மோசடியும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கைக்குட்டையை எடுத்து, திரைக்கு மேலே இருந்த கேமரா கண்ணை மூடினேன்.

"ண்ணா, அது ஆறு மாசமா வேலை செய்யல" என்றார் சென்டர்காரர்.

விஷயத்தைச் சொன்னேன். "ஹேக் பண்ணிட்டானுங்க ண்ணா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து கேபின்களிலிருந்து தலைகள் நீண்டன. அதில் ஒன்று, சந்தனம் பூசிய புது மொட்டை. மலையில் முடி கொடுத்துவிட்டு ரயில் டிக்கெட் பார்க்க வந்த ஆந்திராப் பக்கத்து நகரிக்காரர். அவனிடமே யார் என்று கேளுங்கள் என்றார். எதை வைத்துக் கேட்பது? வாய் திறக்க முடியாத விளையாட்டாகத் தேடிப் பிடித்த மகாபுத்திசாலி நான்தானே! மிரட்டிப் பார்க்கலாம் என்று 'சீக்கிரம்' பட்டனை அழுத்தப் போனேன். மவுஸ் வழுக்கி, 'நன்றி' என்று போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்தும் உடனே 'நன்றி' வந்தது.

"மரியாத தெலிசின தொங்க!" என்றார் மொட்டை. மரியாதை தெரிந்த திருடனாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை உட்காரும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இவன் புகுந்திருந்தால்? வீட்டில் யாராவது உடனே அதன் வயரைப் பிடுங்கியாக வேண்டும். அக்கா பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருக்கக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவர்தான் எடுப்பார் என்று தெரிந்தே அந்த வீட்டு நம்பரை அழுத்தினேன். ஒரு காதில் விளையாட்டின் ஹெட்போன், இன்னொரு காதில் செல்போன்.

திரையில் எதிராளியின் முறை. கடைசிப் பத்து வினாடி வந்தால் அந்த விளையாட்டில் மணி அடிக்கும். டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

"அலோ" என்றார் பாவா.

டிங், டிங். ஹெட்போன் காதில் கேட்ட அதே மணி, செல்போன் காதிலும் கேட்டது.

"அலோ... யாருங்க?"

எந்த இடத்திலும் எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததில்லை. அன்றைக்கு என் பேரைக்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். எதிராளியின் நேரம் முடிந்து திரையில் முறை எனக்கு வந்திருந்தது.

"என்னாண்ணா, போலீஸுக்குச் சொல்லலாமா?" என்றார் சென்டர்காரர்.

"வேணாம். அது எங்க பாவா" என்றேன். தலைகள் ஒவ்வொன்றாகக் கேபினுக்குள் போய்விட்டன.

அந்த நிதானத்தை நான் முன்பே அடையாளம் கண்டிருக்க வேண்டும். தொண்ணூற்றாறில் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்த புதிதில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். மலை ஒலிபெருக்கியில் காவடிப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும். அவர் பவுடரைத் தூவி, குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஒரு காய்க்கு அரை நாள் குறி பார்ப்பார். "பாவா, அந்தக் காய்க்கு நரை விழுந்துடப் போவுது" என்பேன். குறி பார்த்தபடியே சிரிப்பார். அப்போதெல்லாம் என் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிற ஆள் அவர்தான்.

திரையில் ஆறு பட்டன்கள் இருந்தன. நாலாவதை அழுத்தினேன். 'மன்னிக்கவும்.' வாழ்க்கையில் முதல் தடவையாக, கடைசியில் எதுவும் ஒட்டாத ஒரு மன்னிப்பு. ஒட்ட வைக்க அங்கே இடமே இல்லை.

பதில் வரவில்லை. என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடிக்கத் தொடங்கியபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. 'சீக்கிரம்!'

கண் கலங்கியிருந்ததில் எதை அடித்தேன் என்று தெரியவில்லை. ஒரு கருப்பு உள்ளே போனது. என் காய் வெள்ளை. அடுத்த நிமிஷம் செல்போன் அடித்தது. நாக்பூர் நம்பர்.

"என்னா மச்சான், போனை எடுத்தா பேசாம வெச்சிட்டு, இங்க மன்னிப்புக் கேட்டுட்டு என் காயை நீயே போட்டுகினு இருந்தா, நான் என்னாத்த ஆடறது?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! "எத்தினி வாரமா பாவா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆவுது ரெண்டு மாசம். அவளுக்குப் போர் அடிச்சிடுச்சி, எழுந்து போய்ட்டா. நாலு மணி ஆனா நீ அங்க வந்து உக்காந்துகினு இருப்பியே. ஆள் வரலன்னா ஏமாந்து பூடுவியேன்னுதான் நான் உக்காந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எதுனா ஜோக்கு அடிப்பே."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பிறகு, "அன்னிக்கி மலைமேல..." என்று ஆரம்பித்தேன்.

"ஆட்டத்தைப் பாரு மச்சான். டைம் போவுது" என்றார்.

அந்த ஆட்டத்திலும் நான்தான் தோற்றேன்.

அந்தக் கேரம் இணையதளம் நின்றுபோகும் வரை மூன்று வருஷம், சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். பிள்ளை எப்போதாவது எட்டிப் பார்த்து, "இன்னுமா இதை ஆடறீங்க?" என்று அலுத்துக்கொண்டு போவாள். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாவா ரிட்டையராகி அரக்கோணத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலைமேல் நான் சொன்னதைப் பற்றி இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் பேசியதில்லை. எனக்கு அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அவருக்கும் அந்த வார்த்தை ஞாபகம் இருக்கும்.

குழந்தைகளோடு ஆட எந்த ஆன்லைன் விளையாட்டு நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் என்னைக் கேட்பார்கள். நானும் பெரிய நிபுணன் மாதிரி ஏதோ சொல்லி வைப்பேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்து நான் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாதமும், நான் ஏமாந்துவிடக் கூடாதென்று பார்த்துக்கொண்டவர், என் முகத்தில் விழிக்கவே விருப்பமில்லாமல் இருந்த மனுஷர். நம்மீது கோபமாக இருக்கிறவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்று அதற்குப் பிறகு நான் யாரைப் பற்றியும் நினைத்ததில்லை.